கோடு இருந்த இடத்தில் தனியாக: கொரீட்சியாவும் நோவா கொரீட்சாவும்

தனிவழி எழுதியது:

வணக்கம். இத்தாலியும் ஸ்லோவேனியாவும் தொட்டுக்கொள்ளும் பகுதியில் 2022 அக்டோபர் கடைசியில் ஒன்பது நாள் தனியாகத் தங்கி, பெரும்பாலும் நடந்தே சுற்றிவிட்டு வந்தேன். திரியெஸ்தே துறைமுகத்தில் தொடங்கி, கொரீட்சியா, நோவா கொரீட்சா என்ற இரட்டை ஊர்களில் ஐந்து நாள் இருந்துவிட்டு, அங்கிருந்து மலை ரயிலில் ஸ்லோவேனியாவின் போஹின் மலைப்பகுதிக்குப் போனேன். பார்த்த இடங்களைப் பட்டியலிடுவதற்காக இதை எழுதவில்லை. தனியாகப் போகிறவர்களிடம் எல்லோரும் ‘அந்தந்தக் கணத்தில் வாழுங்கள், முன்னும் பின்னும் நினைக்காதீர்கள்’ என்கிறார்கள். அடிக்கு அடி பழைய காலம் காலில் தட்டுகிற ஓர் இடத்தில் அப்படி வாழ முடியுமா, வாழ்வது முறைதானா என்ற கேள்வியோடு திரும்பினேன். அதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அந்த ஊர்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொரீட்சியா, முதல் உலகப் போர் வரை, ஹாப்ஸ்பர்க் என்ற ஆஸ்திரியப் பேரரசின் ஊர்; இத்தாலியம், ஸ்லோவேனியம், ஃபிரியூலியம், ஜெர்மன் என்று நான்கு மொழிகள் புழங்கிய ஊர். போருக்குப் பிறகு அது இத்தாலியிடம் போனது. 1947 பாரிஸ் சமாதான உடன்படிக்கை புதிய எல்லையை வகுத்தபோது, நகரம் இத்தாலியிலும், அதன் வடக்கு ரயில் நிலையமும் கிழக்கே இருந்த கிராமங்களும் யுகோஸ்லாவியாவிலும் (ஸ்லோவேனியா அப்போது அதன் ஒரு பகுதி) விழுந்தன. அந்தச் செப்டம்பரில் வயல்களின் குறுக்கேயும் வீட்டு முற்றங்களின் குறுக்கேயும் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே போனார்கள். நகரத்தை இழந்த கிராமங்களுக்கென்று, எத்வர்த் ராவ்னிகர் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1948-இல் ஒரு புது நகரத்தை எழுப்பத் தொடங்கினார்கள். கொரீட்சா என்றால் சிறு குன்று என்று பொருள். அதன் முன்னால் ‘புதிய’ என்ற சொல்லை வைத்தால் நோவா கொரீட்சா.

அந்த ரயில் நிலையத்தின் முன்னால் ஒரு சதுக்கம் இருக்கிறது. எல்லை அதன் நடுவே போகிறது. 2004 மே 1 அன்று ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததை ஒட்டி அங்கிருந்த வேலியை எடுத்துவிட்டு, எல்லைக்கல் நின்ற இடத்தில் தரையில் வட்டமான ஓர் உலோகத் தகட்டைப் பதித்தார்கள். முதல் நாள் அங்கே போன நான், ஒரு கால் இத்தாலியிலும் ஒரு கால் ஸ்லோவேனியாவிலுமாக நின்று, கைப்பேசியில் படம் எடுத்தேன். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடியும் எடுத்தேன். பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்து இன்னொன்று எடுக்கச் சொன்னேன். அறைக்குத் திரும்பிப் படங்களைப் பார்க்கும்போதுதான் அந்தச் சதுக்கத்தில் என்ன ஓசை கேட்டது, என்ன மணம் இருந்தது என்பது எதுவுமே எனக்குத் தெரியவில்லை என்று உறைத்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, ரயில் நிலையத்தின் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். நன்றாக விடிந்திருக்கவில்லை. ஒரு மூதாட்டி இரண்டு சக்கரம் வைத்த கடைப்பையை இழுத்துக்கொண்டு ஸ்லோவேனியப் பக்கத்திலிருந்து வந்தார். கல் பாவிய தரையில் கடகடவென்று வந்த சக்கர ஓசை, அந்தத் தகட்டின் மேல் ஏறியதும் இரண்டு நொடி வழவழப்பாக மாறி, மறுபக்கம் இறங்கியதும் மீண்டும் கடகடத்தது. அவர் குனிந்து பார்க்கவே இல்லை. அரை மணி நேரம் கழித்து அதே பையில் லீக்ஸ் தாள்கள் நீட்டிக்கொண்டிருக்கத் திரும்பி வந்தார். அவருடைய வயதை வைத்துப் பார்த்தால், இங்கே வேலி போட்டபோது அவர் சிறுமியாக இருந்திருக்க வேண்டும். அந்த ஓசையின் மாற்றம் இன்றும் என் காதில் இருக்கிறது. ஒன்பது நாளில் நான் முழுதாக இருந்த முதல் இடம் அந்த பெஞ்சுதான் என்று சொல்வேன்.

இரண்டாவது, மீரன் என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டம். நோவா கொரீட்சாவுக்குத் தெற்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேருந்துக்குக் காத்திருக்க மனமில்லாமல் நடந்தே போனேன். 1947 எல்லை இந்தக் கல்லறைத் தோட்டத்தின் ஊடாகவே போயிற்று. 1975 வரை அப்படியே இருந்தது. இறந்தவரின் தலை ஒரு நாட்டிலும் கால் இன்னொரு நாட்டிலுமாகக் கிடந்த கல்லறைகள் இருந்தன. நான் போனது, நவம்பர் 1 அன்று வரும் அனைத்துப் புனிதர் நாளுக்கு முந்திய ஞாயிறு. ஊரே திரண்டு கல்லறைகளைக் கழுவிக்கொண்டிருந்தது. ஒரு முதியவர் தேய்ப்புக் கட்டையால் ஒரு கல்லின் ஓரத்தில் படிந்த பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் நிற்பதைக் கண்டு, எழுந்து, கையைக் கத்தி போல் வைத்து அந்தக் கல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டு, மீண்டும் தேய்க்கத் தொடங்கினார். எங்களுக்குள் பொதுவான மொழி இல்லை. குழாயடியிலிருந்து அவருக்கு இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறொன்றும் நடக்கவில்லை.

என் கேள்வி இதுதான். அந்த இரண்டு இடங்களிலும் நான் நிகழ்கணத்தில்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கணத்துக்குள் 1947-உம் இருந்தது. அதை விலக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு தகடும் ஈரக் கல்லும்தான். பயணத்தில் இப்படி உணர்ந்தவர்கள் இருக்கிறீர்களா?

---

வைகைக்கரை எழுதியது:

அருமையான பதிவு. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு நீங்களே விடை எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தையும் வைக்க விரும்புகிறேன்.

‘கணத்தில் வாழ்தல்’ என்பதைக் கடந்து போகிறவர் சொல்வது எளிது. அந்த மூதாட்டி தகட்டைப் பார்க்காமல் போனதை ஓர் அமைதியாக நீங்கள் கண்டீர்கள். அவர் அதைப் பார்க்க விரும்பாதவராகவும் இருக்கலாம் அல்லவா? அந்தப் பகுதியின் இருபதாம் நூற்றாண்டு மென்மையானதன்று. பாசிச ஆட்சிக் காலத்தில் ஸ்லோவேனிய மொழியைப் பள்ளிகளிலிருந்து நீக்கினார்கள். குடும்பப் பெயர்களை இத்தாலியப் பெயர்களாக மாற்றினார்கள். 1945 மே மாதம் யுகோஸ்லாவியப் படை நகரைக் கைப்பற்றியிருந்த நாற்பது நாட்களில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டு போனார்கள். அவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஒரே தெருவில் இரண்டு வகைத் துயரமும் குடியிருக்கின்றன. ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைப்பதாக நினைக்கிறவர்களும் உண்டு. ஒரு வாரம் தங்கும் பயணி இவற்றை ஒரு நல்ல காலைப்பொழுதின் பின்னணியாக ஆக்கிக்கொள்வது எனக்கு நெருடுகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படிச் செய்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பகுதியைப் பற்றிப் படித்தபோது என்னை அசைத்த செய்தி 1950 ஆகஸ்ட் 13 பற்றியது. எல்லைக்கு இருபுறமும் பிரிந்துபோன உறவினர்களைப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் யுகோஸ்லாவியப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கூட்டம் பெருகிக் காவலைத் தள்ளிக்கொண்டு கொரீட்சியா நகருக்குள் நுழைந்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் கடைக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். வந்தவர்கள் அதிகமாக வாங்கியது துடைப்பம். அவர்கள் பக்கத்தில் அதுகூடக் கிடைக்கவில்லை. மாலையில் துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு வீடு திரும்பினார்கள். ‘துடைப்ப ஞாயிறு’ என்றே அந்த நாளை இன்றும் சொல்கிறார்கள். வீட்டுக்குத் துடைப்பம் வாங்க எல்லையை உடைக்க வேண்டியிருந்த ஊரில், நாம் போய் நின்று எதை உணர்ந்தோம் என்பதைச் சற்றுத் தாழ்ந்த குரலில்தான் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

தனிவழி எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். அந்த மூதாட்டியின் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அமைதி என்று நான் எழுதாவிட்டாலும், எழுதிய விதத்தில் அது வந்துவிட்டது. ஒன்றை மட்டும் மறுக்கிறேன். துடைப்ப ஞாயிறைப் பற்றி நானும் போவதற்கு முன்பே படித்திருந்தேன். படித்தபோது அது ஒரு செய்தி. சதுக்கத்தில் உட்கார்ந்து, கடைப்பையோடு ஒருவர் யாரும் தடுக்காமல் போய் வருவதைப் பார்த்தபோதுதான் ஒரு துடைப்பம் என்ன கனம் கனத்திருக்கும் என்று தோன்றியது. பின்னணி என்று அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. கண்ணெதிரே நடப்பதைக் கவனிக்காமல் இருந்திருந்தால், படித்ததும் வெறும் படிப்பாகவே போயிருக்கும்.

---

வன்னிக்காற்று எழுதியது:

நான் வவுனியாவில் பிறந்து, இப்போது ஜெர்மனியில் வசிக்கிறேன். இந்த இழையை இரண்டு முறை வாசித்தேன்.

எங்கள் ஊரில் தொண்ணூறுகளில் ஓரிடத்தில் தங்குவதற்கும் அங்கிருந்து வெளியேறுவதற்கும் பாஸ் வேண்டும். ஒரு நாள் பாஸ், ஒரு வாரப் பாஸ் என்று வகை வகையாக இருந்தது. ஆகவே, கொரீட்சியா எல்லைச் சனங்களுக்கும் அப்படி ஒரு சீட்டு இருந்தது என்று நோவா கொரீட்சா தொடருந்து நிலையத்துக்குள் இருக்கும் சிறிய அருங்காட்சியகத்தில் அறிந்தபோது, கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நெடுநேரம் நின்றேன். ஸ்லோவேனிய மொழியில் அதற்குப் ‘பிரெபூஸ்த்னித்சா’ என்று பெயர். எல்லையோரத்தில் குடியிருந்தவர்கள் அதைக் காட்டிவிட்டுத்தான் மறுபக்கத்தில் இருந்த தங்கள் வயலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகலாம். சின்னப் புத்தகம், நிழற்படம், முத்திரைகள். முத்திரை விழாத இடம் தெரியாத அளவுக்கு நிறைந்த பக்கங்கள்.

தனிவழி அக்கா, நீங்கள் அந்தச் சதுக்கத்தில் முழுதாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் 2018 இல் போனபோது என்னால் அது முடியவில்லை. அந்தத் தகட்டை நெருங்கியதும் என் கை தானாகவே சட்டைப் பைக்குள் போய்க் கடவுச்சீட்டைத் தொட்டது. நான் ஜெர்மன் குடிமகன்; என்னை அங்கே கேட்பதற்கு ஒருவருமில்லை; சதுக்கத்தில் இரண்டு பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்குப் போய்ப் போய் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதும் என் கை பைக்குள்ளேதான் இருந்தது. வைகைக்கரை ஐயாவுக்கு ஒரு சொல்: அந்த இடத்தில் பயணியும் சில வேளைகளில் தன்னுடைய எல்லையைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறான்.

நான் போய் வந்து இரண்டு வருடத்தில், 2020 வசந்தத்தில் தொற்றுக்காக அதே சதுக்கத்தின் குறுக்கே மீண்டும் கம்பி வேலி போட்டார்கள். வேலியின் இரு பக்கமும் நின்று ஆட்கள் பேசிக்கொள்ளும் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். சில மாதங்களில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எவ்வளவு விரைவாகப் போட முடிந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

---

பொன்னிநாடு எழுதியது:

மன்னிக்கவும், ஆழமான உரையாடலுக்கு நடுவே சில நடைமுறைக் கேள்விகள். அடுத்த ஆண்டு தனியாக ஐரோப்பா போக எண்ணியிருக்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டு. இரண்டு நாடுகளுக்கும் தனித்தனி விசா வேண்டுமா? ஒரு பெண் தனியாக இந்தச் சிற்றூர்களில் நடந்து போவது பாதுகாப்பாக இருந்ததா? நான் மரக்கறி உணவுதான் உண்பேன், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வேன். சாப்பாட்டுக்குச் சிரமம் இருக்குமா? தனிமை சுமையாக இருந்த நேரம் உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

---

தனிவழி எழுதியது:

வன்னிக்காற்று தம்பி, உங்கள் பதிவை வாசித்த பிறகு அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பைக்குள் இருந்த உங்கள் கையும் அந்தக் கணத்தைச் சேர்ந்ததுதான் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் போனபோது என்னையும் யாரும் நிறுத்தவில்லை. ஆனால் 2023 அக்டோபரிலிருந்து இத்தாலி, ஸ்லோவேனிய எல்லையில் சோதனையை மறுபடியும் தொடங்கி நீட்டித்துக்கொண்டே வருகிறது என்பதை இப்போது போகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொன்னிநாடு, இரண்டு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். தெருவைக் கடந்து காப்பி குடிக்கப் போனாலும் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். பாதுகாப்பைப் பொறுத்தவரை எனக்கு ஒரு தொல்லையும் வரவில்லை; இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே உள்ள பாதைகளில் நடப்பதைத் தவிர்த்தேன், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு நீங்கள் தேட வேண்டியது ‘ஓஸ்மித்சா’. திரியெஸ்தேவுக்கு மேலே உள்ள கார்ஸ்ட் சுண்ணாம்புக்கல் மேட்டு நிலத்தில், விவசாயிகள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே சொந்த விளைச்சலை விற்பதற்கு அந்தப் பெயர். 1784-இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் கொடுத்த அனுமதியிலிருந்து வந்த வழக்கம் அது. எட்டு நாள் விற்கலாம் என்பதால் எட்டைக் குறிக்கும் ஸ்லோவேனியச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. சாலைச் சந்திப்பில் ஓர் இலைக் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அது காட்டும் திசையில் போக வேண்டும். அவித்த முட்டை, பாலாடைக்கட்டி, ஊறவைத்த காய், வீட்டு ரொட்டி எல்லாம் கிடைக்கும். நான் போன முற்றத்தில் மூன்றே மேசைகள். வீட்டுக்கார அம்மாள் என்னைப் பார்த்து முதலில் இத்தாலியத்தில் ‘சோலா?’ என்றும், நான் விழித்ததைக் கண்டு ஸ்லோவேனியத்தில் ‘சாமா?’ என்றும் கேட்டார். இரண்டுக்கும் ‘தனியாகவா?’ என்றுதான் பொருள். ஆமென்று தலையசைத்தேன். அவர் போய் ஒரு முட்டையைக் கூடுதலாகத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்.

தனிமை சுமையாக இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது, அதுவும் அந்த முற்றத்தில்தான். அடுத்த மேசையில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்லோவேனிய மொழியில் ஒருமை, பன்மை மட்டுமன்றி இருமையும் உண்டு. ‘நாங்கள் இருவர்’ என்பதற்கு ‘மீத்வா’ என்று தனிச் சொல்லே இருக்கிறது, வினைச்சொல்லும் அதற்கேற்ப மாறும். வடமொழியில் உள்ளதைப் போன்ற இலக்கணம். நம் தமிழில் இருவர் என்றாலும் இருநூறு பேர் என்றாலும் பன்மைதான். அவர்கள் பேச்சில் அந்த ‘மீத்வா’ அடிக்கடி வந்து விழுந்தது. எனக்கு என் அக்காவின் நினைவு வந்துவிட்டது. அவளும் நானும் சேர்ந்து போவதாகத்தான் இந்தப் பயணத்தை முதலில் திட்டமிட்டிருந்தோம். 2021-இல் அவள் இல்லாமல் போய்விட்டாள். முட்டையை உரித்துக்கொண்டே அழுதேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் விட்டுவிட்டார்கள். அழுது முடித்தபோது ரொட்டி நன்றாக இருந்தது. இரண்டையும் உள்ளபடியே எழுதுகிறேன்.

---

வைகைக்கரை எழுதியது:

உங்கள் அக்காவைப் பற்றி அறிந்து வருந்துகிறேன். முதல் பதிவுக்கு நான் எழுதிய மறுமொழி கடுமையாக இருந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொறுமையாக யோசித்துப் பார்த்தேன். அந்த ஊரிலேயே உங்கள் பக்கத்துக்கு ஒரு சான்று இருக்கிறது. கொரீட்சியாவின் மனநல மருத்துவமனை எல்லையை ஒட்டியே இருந்தது. 1961-இல் அதன் இயக்குநராக வந்த ஃபிராங்கோ பஸாக்லியா, நோயாளிகளைக் கட்டிவைப்பதை நிறுத்தி, பூட்டிய வார்டுகளைத் திறந்துவிட்டு, மருத்துவர்களும் நோயாளிகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டங்களை நாள்தோறும் நடத்தினார். அந்த முயற்சி பரவி, 1978-இல் மனநலக் காப்பகங்களை மூடச் சொல்லும் சட்டம் இத்தாலியில் வந்தது. இதில் எனக்கு வியப்பளிப்பது, நோயாளியின் பழைய பதிவுக் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, எதிரே இருக்கும் மனிதர் இன்று என்ன சொல்கிறார் என்று கேட்டதிலிருந்துதான் அவர் தொடங்கினார் என்பது. எதிரே இருப்பவரை முழுக் கவனத்தோடு பார்ப்பதைத்தான் நீங்கள் ‘கணத்தில் இருத்தல்’ என்கிறீர்கள் என்றால், எனக்கு அதில் கருத்து வேறுபாடு இல்லை. கோப்பைக் கிழித்து எறியக் கூடாது என்பதில் மட்டும் நிற்கிறேன்.

---

இருப்புப்பாதை எழுதியது:

நான் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியன், வயது 71. மனைவி காலமான பிறகு தனியாகப் போகும் முதல் வெளிநாட்டுப் பயணமாக இந்த மே மாதம் அந்த மலை ரயிலுக்காகவே போகிறேன். விசா கிடைத்துவிட்டது. நோவா கொரீட்சாவை ஒட்டிய சோல்கன் பாலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று ஏங்குகிறேன். சோச்சா ஆற்றின் மேல் 85 மீட்டர் அகலத்தை ஒரே வளைவில் தாண்டும் கல் பாலம். வெட்டிய கற்களால் கட்டிய ரயில் வளைவுகளில் உலகிலேயே பெரியது. 1905-இல் வளைவை முடித்தார்கள்; 1906-இல் பாதையைத் திறந்துவைத்தவர் ஆஸ்திரிய இளவரசரான ஆர்ச்டியூக் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். அதே ஆற்றங்கரையில் 1915-க்கும் 1917-க்கும் இடையே இத்தாலியப் படையும் ஆஸ்திரியப் படையும் மோதிய பன்னிரண்டு போர்கள் நடந்தன. 1916 ஆகஸ்டில் பின்வாங்கிய ஆஸ்திரியப் படையே பாலத்தைத் தகர்த்தது. பிறகு இத்தாலியர்கள் கிட்டத்தட்ட அதே வடிவில் கல்லிலேயே கட்டி 1927-இல் முடித்தார்கள். தாங்கள் வடிவமைக்காத ஒரு பாலத்தை, வேறொரு அரசு, அதன் பழைய அழகு கெடாமல் மீட்டது பெரிய காரியம் என்று ஒரு தொழிலாளியாக நினைக்கிறேன்.

அம்மா, ஒரே கேள்வி. நோவா கொரீட்சாவிலிருந்து வடக்கே போகும்போது எந்தப் பக்க ஜன்னலில் உட்கார வேண்டும்?

---

தனிவழி எழுதியது:

ஐயா, பாலத்தைத் தாண்டியதும் ஆறு வலப்பக்கம் வந்துவிடும். ஆகையால் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஆற்றின் நிறத்தைப் பற்றி முன்கூட்டியே ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் ரயிலுக்குள் இருந்தால் பாலம் தெரியாது; அதன் மேலேதான் போய்க்கொண்டிருப்பீர்கள். ஆகவே முதல் நாள் மாலை சோல்கனுக்கு நடந்து போய், ஆற்றோரமாகப் போகும் சைக்கிள் பாதையில் வளைவு முழுவதும் கண்ணில் படும் இடத்தில் காத்திருங்கள். நான் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். ரயில் அடிக்கடி வராது. வந்தபோது இரண்டே பெட்டிகள். அந்தப் பெரிய வளைவின் மேல் மெதுவாக ஊர்ந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கீழே பார்த்தது. நான் கையசைத்தேன். குழந்தை பார்த்ததா என்று தெரிவதற்குள் ரயில் சுரங்கத்துக்குள் போவதுபோல் மலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

நீங்கள் எந்த நாள் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ரயில் நேரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். மாலையில் ஆற்றங்கரை குளிரும், மே மாதமானாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.